துப்புரவுக்கு முன் பதிவேட்டைத் தேடுங்கள்

சிறிய சமூகக் கல்லறைத் தோட்டங்களைப் பாழாக்குவது கவனிப்பின்மை என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. பல்லாண்டுகள் புதர் மண்டிக் கிடந்த இடத்தில்கூடக் கற்கள் பெரும்பாலும் நட்ட இடத்திலேயே இருக்கும். ஆனால், நல்ல மனத்தோடு ஒரு விடுமுறை நாளில் மண்வெட்டி, கம்பி பிரஷ், ப்ளீச்சிங் பவுடர் சகிதம் வந்து இறங்கும் குழு, மீட்கவே முடியாத தடயங்களை மாலைக்குள் அழித்துவிட்டுப் போய்விடக்கூடும். எங்கே யார் இருக்கிறார் என்று எழுதி முடிக்கும்வரை ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பெரிய கல்லறைத் தோட்டங்களின் வரலாற்றை அரசு ஆவணங்கள் காப்பாற்றிவிடும். பாரிசில் இன்னொசன்ட் இடுகாடு 1780இல் மூடப்பட்டதும், 1786 முதல் அங்கிருந்த எலும்புகள் நிலத்தடிக் கற்சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டதும், 1804இல் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டதும் எழுத்தில் இருக்கின்றன. சிறிய இடத்துக்கு அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. நிலம் கொடுத்தவரின் பத்திரம், அடக்கப் பதிவேடு, பழைய நில அளவை வரைபடம், குடும்பங்களின் பெட்டிக்குள் கிடக்கும் இறுதிச் சடங்குப் புகைப்படங்கள், இவற்றோடு குழி வெட்டியவரின் நினைவு ஆகியவைதான் அதன் மொத்த ஆவணக் காப்பகம். இவற்றுள் முதலில் தேடிப் போக வேண்டியது குழி வெட்டியவரைத்தான். மற்றவை கொஞ்ச காலம் காத்திருக்கும். அவருடைய வயது காத்திருக்காது.

பெயர் பொறித்த கல் என்பது வசதியின் அடையாளமும்கூட. வசதியற்ற குடும்பங்கள் செதுக்காத ஒரு கல்லையோ மரச் சிலுவையையோ நட்டு வைத்திருக்கும். மரம் மட்கிய பிறகு நிலத்தில் எஞ்சுவது லேசான ஒரு பள்ளம் மட்டுமே. பெட்டி உளுத்து மண் அமிழ்ந்ததால் உண்டான அந்தப் பள்ளமே அங்கே ஒருவர் இருப்பதற்கான ஒரே சான்று என்னும்போது, சமப்படுத்துகிறோம் என்று மண்ணைக் கொட்டி நிரப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. செதுக்காத கற்களைப் பொறுக்கிச் சுவரோரம் குவிப்பதும் அதே தவறு. தரையை ஊடுருவும் ரேடார் மண் கிளறப்பட்ட இடத்தைக் காட்டக்கூடும். அங்கே புதைக்கப்பட்டவரின் பெயரை அதனால் சொல்ல முடியாது.

பதிவேடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் போர்க் கல்லறைகளே சான்று. பிரிட்டிஷ் பேரரசின் போர் மரணங்களுக்காக 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், மதம் பாராமல் ஒவ்வொருவரையும் பெயரோடு நினைவுகூர்வதைத் தன் கொள்கையாகக் கொண்டது. ஆயினும் முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதன் சிறப்புக் குழு 2021இல் அறிவித்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அரச சாசனமும் நிதியும் பெற்ற அமைப்பிலேயே பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் இத்தனை பேர்.

எழுதி முடித்த பிறகு கல்லுக்கு வரலாம். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அமிலத்தில் கரையும். ஆகவே கழிவறை கழுவும் அமிலத்தை அவற்றின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. ப்ளீச் கல்லின் நுண்துளைகளில் உப்பை விட்டுச்செல்லும், அந்த உப்பு படிகமாகும்போது மேற்பரப்பு பொரிந்து உதிரும். சுத்தமான தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் பெரும்பாலான கற்களுக்குப் போதும்; உதிரத் தொடங்கிய கல்லுக்கு அதுவும் வேண்டாம். உடைந்த மென்கல்லைச் சிமெண்டால் ஒட்டினால், கல்லைவிடச் சிமெண்ட் கடினமாகவும் ஈரத்தை எளிதில் விடாததாகவும் இருப்பதால் ஈரம் கல்வழியாகவே வெளியேற நேர்ந்து, அடுத்த விரிசல் ஒட்டுக்கு அருகிலேயே விழும். பழைய கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புக் காரையே பொருந்தும். கல்லறையில் வேர்விட்ட செடியைப் பிடுங்குவதைவிடத் தரையோடு வெட்டிவிடுவது நல்லது. வேரோடு கல்லும் பெயர்ந்து வந்துவிடும்.

மங்கிய எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து, வெயிலைக் கல்லின் முகத்தின்மேல் சாய்வாக விழச் செய்யுங்கள். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த பரப்பில் முதலில் ஆண்டின் இலக்கங்கள் நிழல்கட்டி எழும், பிறகு பெயரின் தொடக்க எழுத்து தெரியும். அந்த நிலையில் படம் எடுத்து, கல்லின் வரிசை எண்ணைப் படத்தின் பெயராக வைத்துவிட வேண்டும்.

வரைபடத்துக்கும் பதிவேட்டுக்கும் குறைந்தது மூன்று படிகள் வேண்டும்: ஒன்று நிர்வாகக் குழுவிடம், ஒன்று அருகிலுள்ள நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ, இன்னொன்று மின்கோப்பாக. குழுவின் பொறுப்பாளர் மாறும் ஒவ்வொரு முறையும், கணக்கு வழக்கோடு இவற்றையும் புதியவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும் என்பதை விதிமுறையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.