"அவர் அப்படித்தான்" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

"அவர் அப்படித்தான்க்கா. வாய்தான் கொஞ்சம் கடுமை, மனசு தங்கம்." இதை இன்னொரு தடவை யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவர் மனசு எப்படிப்பட்டது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவர் எழுதியதை எல்லாரும் பார்த்தோம்.

நடந்தது இதுதான். சிங்கப்பூரில் நாங்கள் சில பேர் வேலை, குடும்பம் போக மிஞ்சும் நேரத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு உழைக்கிறோம். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க, எண்ண, அகரவரிசைப்படுத்த உதவும் சின்ன நிரல் தொகுப்பு. 'தமிழ்' என்ற சொல் படிக்கிற நமக்கு மூன்றெழுத்து. கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. க்ஷ, ஸ்ரீ போன்றவை வந்தால் சிக்கல் இன்னும் கூடும். எங்கள் தொகுப்பில் அந்த இடத்தில் எண்ணிக்கை தப்பாக வருவது நெடுநாள் குறை. பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண் அதைத் திருத்தி அனுப்பினாள். அவளுடைய முதல் புல் ரிக்வெஸ்ட், அதாவது என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை. யாரும் கேட்காமலே சோதனைகளும் எழுதியிருந்தாள். ஒரே ஓர் இடத்தில் சறுக்கல் இருந்தது. "இந்த வரியை இப்படி மாற்றிவிடும்மா" என்று சொன்னால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவர், அதாவது எங்கள் குழுவின் மூத்தவர், என்ன எழுதினார் தெரியுமா? "அடிப்படையே தெரியாமல் இங்கே எதற்கு வந்தாய்? சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் வராது, நிரலும் வராது." ஊரே பார்க்கும் இடத்தில் எழுதினார். நாளைக்கு வேலைக்கு மனுப் போடும்போது இந்தப் பக்கத்தைத்தானே அவள் காட்ட வேண்டும்? அன்று இரவே அவள் அந்த ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டுப் போய்விட்டாள். பிறகு வரவே இல்லை.

குறையைச் சுட்டக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தப்பான நிரலை ஏற்காதீர்கள். பத்து தடவை திருப்பி அனுப்புங்கள். "இது வேலை செய்யாது, காரணம் இது" என்று எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் எழுதுங்கள். அது நிரலைப் பற்றிய பேச்சு. ஒரு பிள்ளையின் ஊரையும் வளர்ப்பையும் இழுப்பதற்குக் கோட் ரிவியூ (நிரல் சரிபார்ப்பு) என்று பெயர் வைக்காதீர்கள்.

அதிலும் யாரைப் பார்த்து என்ன சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. அதற்குள் நிரல் எழுதத் தெரிந்து, தமிழுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்ய வருகிற இளையர் எத்தனை பேர் இருப்பார்கள்? தேடித் தேடி அழைத்தாலும் கிடைக்காதவர்கள். தானாக வந்த ஒருத்தியை வாசலிலேயே விரட்டிவிட்டு, அடுத்த கூட்டத்தில் "இளையர்கள் முன்வருவதில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். கணினித் தமிழுக்கு இந்த ஊர் செய்தது கொஞ்சமா? நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்த ஊர். 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்ததும் இங்கேதான். அந்த வழியில் வரவேண்டிய பிள்ளையிடம் உனக்குத் தமிழ் வராது என்கிறோம்.

கேட்டால் உடனே லினக்ஸ் இயங்குதளத்தையும், அதன் மையக்கருவான கெர்னலைத் தொடங்கிய லினஸையும் துணைக்கு இழுக்கிறார்கள். "லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டாததா? திட்டித்தானே கெர்னல் இந்தத் தரத்துக்கு வந்தது?" கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 2018 செப்டம்பரில் அதே லினஸ், தன் கடுஞ்சொற்கள் தேவையற்றவை என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச காலம் ஒதுங்கியும் இருந்தார். அதே சமயத்தில்தான் கெர்னல் திட்டம் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' நடத்தை விதிகளை ஏற்றது. அவர் ஒதுங்கியிருந்தபோது கெர்னல் நின்றுவிட்டதா, தரம் கெட்டுவிட்டதா? இவர்கள் எடுத்துக்காட்டும் மனிதரே விட்டுவிட்டு வந்த பழக்கத்தை இவர்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

எனக்கு இன்னும் வயிறெரிவது வேறொன்றை நினைத்தால். எங்கள் மூத்தவர் பகலில் ஒரு பெரிய நிறுவனத்தில் குழுத்தலைவர். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் இப்படி ஒரு வரி எழுதுவாரா? மறுநாளே மனிதவளப் பிரிவு கூப்பிட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2014-லேயே வந்த ஊர் இது. ஆக, அவருக்கு அடக்கிப் பேசத் தெரியாமல் இல்லை. கேட்க ஆள் இருக்கிற இடத்தில் அடக்குகிறார், இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடுகிறார். அது அவருடைய சுபாவம் என்றால் பகலிலும் அல்லவா இருக்க வேண்டும்?

"நம்மிடம் நடத்தை விதி இருக்கிறதே அக்கா" என்றார் ஒருவர். இருக்கிறது. 2014-இல் கோரலைன் ஏடா எம்கி எழுதி, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் எடுத்துக்கொண்ட அதே கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்தான் எங்கள் நிரல்களை வைத்திருக்கும் ரிப்போவிலும் கிடக்கிறது. போய்த் திறந்து பார்த்தேன். புகார் கொடுக்க வேண்டிய முகவரி வரும் இடத்தில், 'தொடர்பு முறையை இங்கே இடவும்' என்று அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கிறது. நகலெடுத்தவர் நிரப்பவில்லை, அதன்பின் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுக்குமாடிப் புளோக்கின் கீழே தீயணைப்புப் பெட்டியை மாட்டிவிட்டு உள்ளே ஒன்றுமே வைக்காத மாதிரி. அந்த ஆவணத்தின் இரண்டாம் பதிப்பில் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக இருக்கிறது: முதலில் தனியாகத் திருத்திச் சொல்வது, பிறகு எச்சரிக்கை, பிறகு தற்காலிகத் தடை, கடைசியில் நிரந்தரத் தடை. எடுத்தவுடன் யாரையும் துரத்தச் சொல்லவில்லை. முதல் படியைக்கூட ஏற எங்களுக்குத் துணிவில்லை, ஏனென்றால் அவர் வயதில் பெரியவர், ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர், எல்லாருக்கும் அண்ணன்.

மரியாதை கீழிருந்து மேலே மட்டும் போக வேண்டியதில்லை என்பதைப் போலவே, எங்களைப் போல மென்பொருளைப் பராமரிப்பவர்களும் அடிவாங்கப் பிறந்தவர்கள் இல்லை. காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு, "இன்னும் ஏன் சரிசெய்யவில்லை? நாளைக்குள் வேண்டும்" என்று மிரட்டும் கூட்டமும் இருக்கிறது. அந்த மிரட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024-இல் உலகமே பார்த்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருப்பது. பல ஆண்டுகளாக ஒரே மனிதர் சம்பளமில்லாமல் பராமரித்தார். மனநலக் குறையால் வேகம் குறைந்துவிட்டது என்று அவரே சொன்ன பிறகும், 2022-இல் சில பெயர்களில் வந்து அவரை நச்சரித்தார்கள், பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று நெருக்கினார்கள். அப்படிப் பொறுப்புக்குள் நுழைந்த ஆள், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு கள்ள வாசலைப் புகுத்தினான். நச்சரித்த பெயர்களும் அதே திட்டத்தின் போலிப் பெயர்கள் என்றே பலரும் கருதுகிறார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் அந்த மார்ச் மாதம் தப்பித்தோம். அந்த ஒற்றை மனிதரை வதைத்தபோது யாராவது குறுக்கே வந்து "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டாமா?

ஆகவே இது ஏதோ பெண்களின் மென்மையான மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்காதீர்கள். அப்படியும் ஒருவர் சொன்னார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன்.

இந்த மாதம் சமூக மன்றத்தில் சந்திக்கும்போது இதைத்தான் முதலில் பேசப் போகிறேன். அந்த வெற்று இடத்தில் இரண்டு பேருடைய முகவரி வர வேண்டும். அதில் ஒருவராவது மூத்தவருக்கு நெருக்கமில்லாதவராக இருக்க வேண்டும். அவர் எழுதிய வரிக்கு, எழுதிய அதே இடத்தில், எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாகப் போனில் கேட்டுக்கொள்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். அந்தப் பெண்ணின் திருத்தத்தை நானே உட்கார்ந்து பார்த்து, அவள் சம்மதித்தால் அவள் பெயரிலேயே சேர்ப்பேன். இதற்கெல்லாம் முடியாது என்றால், பராமரிப்பவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.