சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி: எதில் தொடங்கலாம், எதை அப்புறம் எடுக்கலாம்

சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி இரண்டிலும் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் உடனே வந்து விழும் பெயர்கள் மூன்று: 'டியூன்', 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', 'ஃபவுண்டேஷன்'. மூன்றும் பெரிய படைப்புகள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்த வகை எழுத்தைத் தொட்டே பார்க்காதவர் கையில் முதல் புத்தகமாக இவற்றைத் திணிப்பது தப்பு. அறுபது, எழுபது பக்கத்தில் மூடி வைத்துவிட்டு "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று போய்விடுகிறார்கள். நல்ல வாசகர்கள், வருடத்துக்கு முப்பது நாற்பது நாவல் படிப்பவர்கள்கூட இப்படித்தான் போகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. முதலில் ஒரு சிறுகதைத் தொகுப்பு. பிறகு 200, 250 பக்கத்துக்குள் முடியும் ஒரு நாவல். தலையணை சைஸ் தொடர்களெல்லாம் அதற்கப்புறம். தொடர் எதுவானாலும் வெளியான வரிசையில் படியுங்கள். கதைக்குள் எது முன்னால் நடந்தது என்று பார்த்து அடுக்காதீர்கள்.

தொகுப்பு என்றால் டெட் சியாங்கின் 'ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்' (2002). மொத்தம் எட்டே கதைகள். முதல் கதை 'டவர் ஆஃப் பாபிலோன்'. வானத்தைத் தொடும் கோபுரம் என்ற பழைய கதையை எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்றை நிஜமாகவே கட்டினால் அன்றாடம் என்னவெல்லாம் நடக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். அடியிலிருந்து உச்சிக்குச் செங்கல் ஏற்றிப்போக நான்கு மாதம். நடுவழியிலேயே பிறந்து, அங்கேயே காய்கறி பயிரிட்டு வாழும் குடும்பங்கள். மேலே ஒரு கொத்தனாரின் கரணை கைதவறி விழுந்தால் அழுது தீர்ப்பார்களாம், ஏனென்றால் இன்னொன்று வந்துசேர மாதக்கணக்காகும், அதுவரை அவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆள் விழுந்தால் அந்த அளவுக்குத் துக்கம் கிடையாது. ஒரு கற்பனையை வைத்தால் அதன் விளைவுகளைக் கடைசிவரை நேர்மையாகத் தொடர்ந்து போகவேண்டும். இந்தத் துறையின் அடிப்படையே இதுதான், அதைச் சுமார் முப்பது பக்கத்தில் காட்டிவிடுகிறது இந்தக் கதை.

அதே தொகுப்பின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' தான் 2016-ல் 'அரைவல்' என்ற படமானது. படம் பார்த்தவர்களும் படிக்கலாம், படத்தில் வரும் சீன ராணுவம், குண்டுவெடிப்பு எதுவும் மூலத்தில் இல்லை. இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். ஒன்று, மகளிடம் பேசும் பகுதிகளில் தாய் பயன்படுத்தும் காலம். நடந்து முடிந்ததுபோல் தோன்றும் விஷயங்களை எதிர்காலத்தில் சொல்லிக்கொண்டு போவாள். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது ஏன் வளைகிறது என்று படம் போட்டு விளக்கும் பகுதி. "ஐயோ, ஃபிசிக்ஸ்" என்று அதைத் தாண்டிவிட்டால் முடிவு வெறும் சோகக்கதையாகிவிடும். 'டிவிஷன் பை ஸீரோ'வை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஐசக் அசிமோவின் 'ஐ, ரோபாட்' (1950). ஒன்பது கதைகள். ரோபாட் மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது. முதல் விதியை மீறாதவரை மனிதன் சொன்னதைக் கேட்கவேண்டும். இவ்விரண்டையும் மீறாதவரை தன்னைக் காத்துக்கொள்ளவேண்டும். இந்த மூன்று விதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு 'ரன்அரவுண்ட்' கதைக்குப் போங்கள். இடம் புதன் கிரகம். செலினியம் எடுத்துவர அனுப்பிய ஸ்பீடி என்ற ரோபாட், செலினியம் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, திரும்பி வரவில்லை. அங்கே அதற்கு ஏதோ ஆபத்து. விலை கூடிய மாடல் என்பதால் மூன்றாம் விதியை வழக்கத்தைவிடத் தூக்கலாக வைத்துச் செய்திருக்கிறார்கள். அதை அனுப்பிய டோனவனோ கட்டளையை அழுத்தம் கொடுக்காமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டிருக்கிறான். ஆக, குட்டையை நெருங்கினால் மூன்றாம் விதி வெளியே தள்ளுகிறது, விலகினால் இரண்டாம் விதி உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாகிற தூரத்தில் அது வட்டமடிக்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்களாக இருந்தால் எப்படி மீட்பீர்கள் என்று ஐந்து நிமிடம் யோசியுங்கள். பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

இதில் ருசி கண்டபிறகு 'ஃபவுண்டேஷன்' எடுங்கள். அதைப் பாதியில் விடுபவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை, மாறிக்கொண்டே இருக்கிறார்கள்." மாறத்தான் செய்வார்கள். முதல் நூல் (1951) உண்மையில் ஐந்து தனிக்கதைகள், நடுவில் பல பத்தாண்டுகள் ஓடிவிடும். நாவல் என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான். தொகுப்பு என்று நினைத்து எடுத்தால் விறுவிறுவென்று போகும். 1952, 1953-ல் வந்த அடுத்த இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் குறைவில்லை. 'ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்' முன்கதைதானே என்று அதை முதலில் எடுத்துவிடாதீர்கள். அது 1988-ல் வந்தது, முந்தைய நூல்களைப் படித்தவர்களுக்காக எழுதியது. பிந்தைய நூல்களில் மெல்ல அவிழவேண்டிய முடிச்சு ஒன்றை அது முன்கூட்டியே உடைத்துவிடும்.

இனி, நான் யாருக்கு எதைப் பரிந்துரைத்தாலும் கடைசியில் வந்து நிற்கும் எழுத்தாளர், உர்சுலா லெ குவின்.

'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) இருநூறு பக்கத்துக்கு முன்பின்னாக முடிந்துவிடும். கான்ட் என்ற தீவில் ஆடு மேய்க்கும் பையன், மந்திரம் கைவந்தவன், கர்வம் பிடித்தவன், போட்டிக்காக ஒரு சடங்கைச் செய்து, அதுவரை உலகத்தில் இல்லாத ஒன்றை அவிழ்த்துவிடுகிறான். பிறகு அது அவனைத் துரத்துகிறது. மந்திரப் பள்ளி, மந்திரம் கற்கும் சிறுவன் என்பதையெல்லாம் இன்று நாம் வேறு பல இடங்களில் பார்த்துவிட்டோம். ஆனால் இங்கே மந்திரத்துக்கு விலை உண்டு. ரோக் தீவில் மழை வரவழைத்தால் அதனாலேயே இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று பள்ளியிலேயே எச்சரிக்கிறார்கள். ஒரு பொருளை மாற்றவேண்டுமானால் அதன் உண்மைப் பெயர் தெரியவேண்டும், மாற்றினால் உலகத்தின் சமநிலை குலையும். கெட்ட அரசன், கடைசிப் பெரும் போர் எதுவும் கிடையாது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் கரிய நிறத்தவன். 1968-ல் ஒரு அமெரிக்க எழுத்தாளர் தெரிந்தே எடுத்த முடிவு அது. பின்னாளில் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் கெட்டை வெள்ளைக்காரனாக்கியபோது அவர் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார்.

எர்த்சீ தொடரில் வாசகர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. இரண்டாம் நூல் 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' தொடங்கும்போது கெட்டைக் காணவே காணோம். டெனார் என்ற சிறுமியும், இருட்டான சுரங்க வழிகளும்தான். அவன் வர நேரமாகும், காத்திருங்கள். தொடரின் மிக அழகான நூல் அது என்பது என் துணிபு. அடுத்து, நான்காம் நூல் 'டெஹானு' (1990). மூன்றாம் நூல் வந்து பதினெட்டு வருடம் கழித்து எழுதியது. முதல் மூன்றையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யோசிக்காமல் கொடுக்கலாம். இதை வேண்டாம். தீயில் பொசுக்கப்பட்ட ஒரு குழந்தை, கணவனை இழந்த நடுவயதுப் பெண், ஆண்களின் வன்முறை என்று இது பெரியவர்களுக்கான நாவல். கடைசி நூலான 'த அதர் விண்ட்' எடுப்பதற்குமுன் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பைக் கட்டாயம் படிக்கவேண்டும். 'டெஹானு'வுக்கும் கடைசி நூலுக்கும் பாலமான 'டிராகன்ஃப்ளை' கதை அதில்தான் இருக்கிறது. தொகுப்புதானே என்று அதை விட்டுவிட்டுப் போனவர்களுக்குக் கடைசி நூலில் பாதி பேர் யாரென்றே புரியாது.

அவருடைய 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) கொஞ்சம் கடினம். நிரந்தரக் குளிர்காலக் கிரகம் கெத்தன். அங்கே மனிதர்களுக்கு நிலையான ஆண், பெண் பேதம் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாகிறார்கள். வேற்றுலகத்திலிருந்து தூதனாக வருகிறான் ஜென்லி ஐ. முதல் அத்தியாயம் மன்னர் பங்கேற்கும் ஊர்வலம், புரியாத பெயர்கள், அரண்மனை அரசியல். அதில் ஒரு கமானின் உச்சிக்கல்லை மன்னர் தன் கையால் பூசிப் பொருத்துகிறார். சாந்து ஏன் இங்கே மட்டும் சிவந்திருக்கிறது என்று கேட்கிறான் தூதன். முன்பெல்லாம் மனித ரத்தம் கலப்பார்கள், இப்போது விலங்கு ரத்தம் என்று பதில் வருகிறது. அந்தச் சாந்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், முழு நாவலும் அதற்குள் இருக்கிறது. நடுநடுவே வரும் நாட்டார் கதைகளையும் கள அறிக்கைகளையும் தாண்டவே தாண்டாதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் சம்பந்தமில்லாததுபோல் வரும் சகோதரர்களின் கதைதான், தொடக்கத்தில் பிரதமராக வரும் எஸ்ட்ராவனைப் பின்னால் புரியவைக்கிறது. மொத்தம் இருபது அத்தியாயம். முதல் ஏழு அத்தியாயங்களைக் கடந்துவிட்டால் அப்புறம் நீங்களே விடமாட்டீர்கள். இருவர் ஒரு கூடாரத்தோடு பனிப்பாலையைக் கடக்கும் அந்தப் பகுதிக்கு இணையாக இந்தத் துறையில் எதையும் என்னால் சொல்லமுடியாது.

இப்போது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965). நாவலின் பின்பகுதியில் நீண்ட சொல்லகராதி இருக்கிறது. அதுதான் பொறி. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் பின்பக்கம் ஓடினால் நூறு பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். புரியாததை அப்படியே விட்டுவிட்டுப் படியுங்கள், ஐம்பது பக்கத்தில் தானாக விளங்கும். துரோகி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதைக் குறையாக நினைக்கவேண்டாம், ஹெர்பர்ட் வேண்டுமென்றே செய்தது. பதிப்பாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பி, கடைசியில் கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பெயர்போன சில்டன் நிறுவனம் வெளியிட்ட நாவல் இது. முதல் நூலோடு நிறுத்தாமல் 'டியூன் மெசையா' (1969) வரை போய்விடுங்கள். கதாநாயகன் பால் என்பவனை வெறும் வீரநாயகனாக நினைத்துக்கொண்டு வெளியேறக்கூடாது என்பதற்காகவே எழுதியது அது. அதற்குமேல் கட்டாயமில்லை.

டோல்கீன் என்றால் 'ஹாபிட்' (1937) முதலில். பிறகு 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', முகவுரையை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஹாபிட்களின் புகையிலை வரலாறு முதல் நாளே தேவைப்படாது. எல்ராண்டின் ஆலோசனைச் சபை வரும் அத்தியாயம் நீளம், பேர்வழிகள் அதிகம். விடுமுறை நாளில் வரைபடத்தைப் பிரித்துவைத்து ஒரே மூச்சில் படியுங்கள், பஸ்ஸில் துண்டுதுண்டாக வேண்டாம். 'சில்மரில்லியன்' கதைப்படி முந்தையது என்றாலும் கடைசியில்தான்.

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அந்த மண் முழுக்க இறங்கியிருக்கும் நாவல் 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979). பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் போடும் பொறியாளரின் கதை. அதற்கான இடம் பூமத்திய ரேகையில் இருந்தாகவேண்டும், ஏனென்றால் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழலும் சுற்றுப்பாதை அதற்கு நேர்மேலே இருக்கிறது. இலங்கையோ சற்று வடக்கே. ஆகவே கிளார்க் தீவையே தெற்கே நகர்த்தி, 'தாப்ரபேன்' என்று பெயரிட்டு, சிவனொளிபாத மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிவிட்டார். சிகிரியாவும் வேறு பெயரில் வருகிறது. அத்தியாயங்கள் மூன்று நான்கு பக்கம்தான், ஆங்கிலத்தில் அதிகம் பழக்கமில்லாதவர்களுக்கும் கைக்கு அடங்கும்.

டெர்ரி பிராச்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் தொடர் மட்டும், வெளியான வரிசையில் படியுங்கள் என்று நான் சொன்ன விதிக்கு விலக்கு. 41 நாவல்கள், முதல் நாவல் சுமார்தான். 'ஸ்மால் காட்ஸ்' அல்லது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுங்கள். ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) படிக்கும்போது, 1976-ன் கருப்பினப் பெண் எப்படி அடிமைக் காலத்துக்கு இழுக்கப்படுகிறாள் என்று கால இயந்திரத்தைத் தேடாதீர்கள், விளக்கம் வராது. அவளுக்கும் தெரியாது என்பதுதான் அதன் பயங்கரம்.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' முதலில், பிறகுதான் 'மீண்டும் ஜீனோ'. மாற்றிப் படித்தால் ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் எங்கிருந்து எங்கே வளர்ந்தது என்பதன் சுகமே போய்விடும். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பும் வேண்டும். சியாங்கைப் படித்த கையோடு அதை எடுத்தால், தமிழில் இதே கேள்விகளை எவ்வளவு வேறு திசையிலிருந்து கேட்கமுடிகிறது என்று தெரியும். க. சுதாகரின் '6174' படிப்பதற்குமுன் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழியுங்கள். வந்த விடையையும் அப்படியே செய்யுங்கள், அது மூன்று இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு முறைக்குள் 6174-ல் வந்து நிற்கும். நாசிக் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டறிந்தது அது. கையால் போட்டுப் பார்த்துவிட்டு நாவலுக்குள் போங்கள்.