ஆல்வேஸ் எங்கே வரும்?

ஆங்கிலச் சொல்வரிசை பற்றிய உங்கள் கட்டுரை, 'ஆல்வேஸ் (எப்போதும்), ஆஃபன் (அடிக்கடி) போன்றவை வினைக்கு முன்னால் வரும்' என்று சொல்வது பாதி விதிதான். இஸ், ஆர், வாஸ் தனி வினையாக நின்றால் அவற்றுக்குப் பின்னால் வரும்: 'ஷி இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதை அடுத்து: 'ஹி ஹாஸ் ஆஃபன் பீன் வார்ன்ட்'.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது வேறிடத்தில். 'ஆங்கிலத்தை நன்றாகப் பேசுகிறாள்' என்று தமிழில் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவே 'நன்றாக' என்ற வினையடை வரும். அதே பழக்கத்தில் 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினையும் செயப்படுபொருளும் ஒட்டியே நிற்க வேண்டும்: 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்'. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் மட்டும் அடை நடுவே வரலாம்: 'ஷி எக்ஸ்ப்ளெயின்ட் கிளியர்லி வை த பிரிட்ஜ் ஹாட் ஃபாலன்'. கட்டுரையில் இதை அவசியம் சேருங்கள்.