தாயிடம் காரணம் கேட்பதை நிறுத்துவோம்

கர்ப்ப காலத்தில் கவலைப்பட்டாயா, கைபேசியைக் கொடுத்தே வளர்த்தாயா, வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனதா என்று ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள குழந்தையின் தாயிடம் கேட்பவர்களில் பலரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அக்கேள்விகளுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவற்றைத் தந்தையிடம் யாரும் கேட்பதில்லை என்பதே அதற்குச் சான்று.

வருத்தம் என்னவென்றால், இந்தப் பழிக்கு மருத்துவ உலகமே ஒரு காலத்தில் வலுச் சேர்த்தது. 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் லியோ கேனர், ஆட்டிசம் பிறவியிலேயே அமைவது என்றுதான் கருதினார்; பின்னர் பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றியும் அவர் எழுத, பாசமற்ற தாயே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பழிக்கும் 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற கொடிய பட்டம் பரவியது. 1967இல் எழுத்தாளர் புருனோ பெட்டல்ஹைம் தம் நூலால் அதற்கு மேலும் செல்வாக்குத் தேடித்தந்தார். 1977இல் மனநல மருத்துவர்களான சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வு மரபுக்கூறுகளின் பங்கைத் தெளிவாகக் காட்டியது. அதன் பிறகும் வீடுகளில் விசாரணை ஓயவில்லை.

பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்பதைப் பல குடும்பங்களில் முதலில் கவனிப்பவள் தாய். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று அவள் வாயை அடைத்துவிட்டு, ஆட்டிசம் உறுதியானதும் ஏன் முன்பே கவனிக்கவில்லை என்று அவளையே கேட்பது எவ்வளவு பெரிய அநீதி! பேச்சு வராத குழந்தையின் அழுகையில் பசி எது, வலி எது என்று பிரித்தறியவும், கூட்டத்தின் இரைச்சலில் அது அலறுவது பிடிவாதமல்ல, புலன்கள் தாங்காத வேதனை என்று உணரவும் அவள் தன் உறக்கத்தையும் பல நேரங்களில் வேலையையும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்த அறிவை மருத்துவர்களும் ஆசிரியர்களும் கேட்டுப் பயன்படுத்த வேண்டும். அதற்கு மாறாக, அவளுடைய குற்றவுணர்வைத் தேடி வருபவர்கள் ஆட்டிசத்தை முற்றாகக் குணப்படுத்துவதாக வாக்களிக்கும் வியாபாரிகளே.

கடவுள் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்ற புகழ்ச்சியும் எனக்கு உடன்பாடில்லை. தெய்வமாக்கப்பட்டவள் களைப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? அவளுக்கு வேண்டியது, குழந்தையின் இயல்பை அறிந்த ஒருவர் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள, அவள் தூங்குவது. குழந்தையின் பயிற்சிக்குத் தந்தையும் உடன்வந்து, கற்றதை வீட்டில் அவரும் செய்வது.

எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற அச்சத்தை ஆறுதல் சொற்கள் தீர்க்காது. பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடாத உதவி, வளர்ந்தபின் ஏற்ற வேலை, பிறர் உதவியோடு வாழப் பாதுகாப்பான இடம் ஆகியவற்றை உறுதிசெய்வது அரசின் கடமை. அதை வற்புறுத்திக் கேட்கும் பொறுப்பையும் தாய்மார்கள் மீது மட்டும் சுமத்தாமல் நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.