1077 எத்தனை பேருக்குத் தெரியும்?

போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு வேப்பமரம் மின்கம்பி மேல் சாய்ந்துவிட்டது. இரவு பதினொன்றரை மணி. அறுந்த கம்பி தேங்கிய தண்ணீரில் கிடக்கிறது. எதிர்வீட்டு அக்கா திண்ணையில் நின்று "யாரும் கால வைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். தெருவில் இருபது பேர், எல்லார் கையிலும் செல்போன். யாருக்குப் போன் போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் வைத்திருந்த லைன்மேன் நம்பரும் பழையது. கடைசியில் திருச்சியிலிருந்து என் தம்பி சொல்லித்தான் 1077ஐ அடித்தோம். எடுத்தார்கள், கரண்டும் நின்றது. ஆனால் அதற்குள் நாற்பது நிமிஷம் போய்விட்டது.

1077 மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் எண். மாநில அளவில் 1070. புயல் வரும்போது பேப்பரில் போடுவார்கள். மழை விட்டதும் மறந்துவிடுவோம்.

108 மட்டும் எப்படி மனதில் நின்றது? 2008 செப்டம்பரில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "நூத்தியெட்டக் கூப்பிடு" என்கிறார். 108 தேங்காய், 108 சுற்று என்று ஏற்கெனவே வாயில் பழகிய எண் அது. அதோடு, வண்டியின் மேலேயே பெரிதாக எழுதி ஊர் ஊராக ஓடுகிறது. 1077க்கு அப்படி ஓட வண்டி கிடையாது. அதற்குச் சுவர்தான் வேண்டும்.

லண்டனில் 1935இல் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தகவல் சொல்லப் போன் செய்த பக்கத்து வீட்டுக்காரருக்கு எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு 1937இல் வந்ததுதான் 999 என்ற அவசர எண். இருட்டிலும் புகையிலும் விரலால் தடவியே டயலில் கண்டுபிடிக்கலாம் என்பது அந்த எண்ணுக்கு இருந்த ஒரு வசதி. பதறி நிற்கிறவனின் கையை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

நாமும் அப்படி யோசிக்கலாம். ரேஷன் கடைச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பால் சொசைட்டி வாசல் என்று ஜனங்கள் தினமும் நிற்கும் இடங்களில் பெயிண்டில் எழுத வேண்டும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், முதல் காற்றிலேயே கிழிந்துவிடும். எண்ணுக்குக் கீழே ஊர், தெரு, பக்கத்து அடையாளம் மூன்றையும் எழுதிவிட்டால் பதற்றத்தில் பார்த்துப் படித்தாலே போதும்.

அப்புறம், அக்டோபர் 2 கிராம சபையில் தலைவர் ஒரு முறை, கட்டுப்பாட்டு அறையில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் 1077ஐ அழைக்கட்டும். மறுமுனையில் ஒரு ஆள் எடுத்துப் பேசுவதை ஊர் தன் காதால் கேட்கட்டும். எங்கள் ஊரில் இந்த முறை நான் எழுந்து கேட்கப்போகிறேன்.