நிழற்குடையில் நிழல் எங்கே?

நிழற்குடை என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா, நிழல் வேண்டாமா? நேற்று மதியம் மூன்று மணிக்கு, கத்திரி வெயிலில், சென்னையில் பேருந்துக்காக நாற்பது நிமிடம் நின்றேன். இன்னும் தலைவலி விடவில்லை.

அந்த இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் கீழ் இருபது பேர் தாராளமாக நிற்கலாம். போன தீபாவளிக்கு அப்புறம் அதை வெட்டிவிட்டு, பளபளவென்று எவர்சில்வரில் ஒரு நிழற்குடை போட்டார்கள். மேற்குப் பார்த்த நிறுத்தம், கையகலக் கூரை. மூன்று மணி வெயில் சாய்ந்து நேராக முகத்தில் அடிக்கிறது. நிழலோ பின்பக்கம் சாக்கடை மூடியின் மேல் கிடக்கிறது. உட்காரும் பலகையும் எவர்சில்வர்தான்.

கட்டைப்பையோடு வந்த ஓர் அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், அதில் உட்காரப் போனார். பட்டதும் "அய்யோ" என்று எழுந்துவிட்டார். முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்து, அதன்மேல் முந்தானையைப் போட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காரலாம் என்றால் பிடித்த கையும் சுட்டது. கடைசியில் விளக்குக் கம்பத்தின் நிழலுக்கு வந்துவிட்டார். அங்கே ஏற்கெனவே நாங்கள் நான்கு பேர், அந்த ஒரு சாண் நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்கிறோம். வயதானவர்களை இப்படியா நிற்க வைப்பது?

37 டிகிரிதானே, வேலூரைப் பார் என்று யாரும் வராதீர்கள். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அது வழியுமே தவிர காயாது. வானிலைக் கணக்குப்படி கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியும் கூடினால்தான் வெப்ப அலை. மே மாதத்தில் இயல்பே 37-ஐ ஒட்டி நிற்கும் ஊரில், அந்தக் கணக்கு வருவதற்குள் எத்தனை பேர் மயங்கி விழ வேண்டும்?

2024 ஏப்ரலில் வெயில் தாங்காமல் டாக்காவில் பள்ளிகளை மூடினார்கள். மணிலாவில் பிள்ளைகளை வகுப்புக்கு வரவேண்டாம் என்றார்கள். சிங்கப்பூரில் 2023 மே மாதம் 37 டிகிரி, நாற்பது ஆண்டுகளில் அதிகம். ஆனால் அங்கே குடியிருப்பிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பல இடங்களில் கூரை போட்ட நடைபாதை உண்டு. இங்கேயும் அதே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசே அறிவித்துவிட்டது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட ஊரில், நின்ற மரத்தை வெட்டிவிட்டுச் சுடுகிற பலகையைப் போட யாருக்கு மனம் வந்தது? அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு மதியம், ஒரே ஒரு மதியம், அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அப்புறம் பேருந்து வந்தது. நிறுத்தத்திலா நின்றது? ஐம்பது அடி தள்ளிப் போய் நின்றது. அந்த அம்மா செருப்பு தார்ரோட்டில் ஒட்ட ஒட்ட ஓடினார். பையிலிருந்து வெங்காயம் இரண்டு உருண்டு போனது, குனிந்து எடுக்கக்கூட நேரமில்லை. படியில் நின்ற நடத்துநர் கத்துகிறார்: "சீக்கிரம் வாம்மா, எவ்வளவு நேரம் நிக்கிறது!"