சில்லறை மாத்து

இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பயிற்சி. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று நான்கு மாவட்டத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களையும் ஒரே ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு நாள் ஓடிய ஸ்லைடுகளில் ஒன்றுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. பதினொன்றரை மணி டீ இடைவேளை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

பக்கத்தில் நின்றவர் பொன்னேரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை. என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் மூன்றாம் வகுப்புக் கழித்தலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். 42-இல் 17 போகணும், 2-இல் 7 போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. இருபது வருடமாக இதே பாட்டுதான். அந்த வருடம் ஒரு பெண் எழுந்து, "கடன் வாங்குனா திருப்பித் தரணுமே மிஸ், நாம எப்பத் தருவோம்?" என்று கேட்டுவிட்டாள். அவள் வீட்டு வாசலில் வாராவாரம் குழுக்கடன் வசூலிக்க ஆள் வந்து நிற்பார். கடன் என்றால் என்னவென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பதில் வரவில்லை.

பொன்னேரி டீச்சர் சிரித்தார். "நான் கடன்னு சொல்றதே இல்லக்கா. சில்லறை மாத்துன்னு சொல்லுவேன்." பர்ஸைத் திறந்து நான்கு பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு எடுத்து டீக் கிளாஸ் பக்கத்தில் வைத்தார். "ஏழு ரூபா காசாக் குடுக்கணும். கையில ரெண்டுதான் இருக்கு. பசங்க என்ன பண்ணுவாங்க? கடைக்கு ஓடி ஒரு தாளை மாத்திட்டு வருவாங்க. இப்ப மூணு தாள், பன்னண்டு காசு. ஏழு எடுத்தா அஞ்சு. மூணு தாள்ல ஒண்ணு எடுத்தா ரெண்டு. இருபத்தஞ்சு."

அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடன் என்று சொன்னால் எங்கிருந்தோ புதிதாக ஏதோ வந்த மாதிரி இருக்கிறது. சில்லறை மாற்றும்போது 42 ரூபாய் 42 ரூபாயாகவே இருக்கிறது, உருவம்தான் மாறுகிறது. கணக்கில் நடப்பதும் அதுதான். இருபது வருடமாக நான் தப்பான சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரமே என் வகுப்பில் செய்து பார்த்தேன். எல்லாருக்கும் வந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். 31 பேரில் ஏழெட்டுப் பேர் திணறினார்கள். 100-இல் 37 என்று வந்ததும் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். சாயங்காலம் அவருக்கே போன் போட்டேன். "நூறு ரூபாய நேராக் காசா மாத்த விடாதீங்கக்கா. முதல்ல பத்துத் தாளா மாத்தணும், அப்புறம் அதுல ஒண்ணைக் காசா மாத்தணும். ஒரு பையனை பேங்க் மாதிரி தனியா உக்கார வைங்க." மறுநாள் பேங்க் வைத்தோம். பேங்க் மேனேஜர் வேலைக்கு வகுப்பில் அடிதடி.

என் பள்ளியிலிருந்து அந்தப் பள்ளிக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே பல வருடமாக நடக்கிற பாடம் எனக்கு வந்து சேர ஒரு டீ இடைவேளை தேவைப்பட்டது. பக்கத்தில் வேறு யாராவது நின்றிருந்தால் அதுவும் இல்லை.

அவர் வகுப்பை நேரில் பார்க்கணும் என்று தோன்றியது. முறைப்படி ஓ.டி. கேட்டேன், அதாவது வேலை நாளாகவே கணக்கில் வரும் அனுமதி. கேட்ட இடத்தில் கிடைத்த பதில்: "அது வேற மாவட்டம்மா. எந்த ஹெட்ல போடறது?" கேட்டவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுவிட்டுப் போனேன். ரயிலில் எண்ணூர் தாண்டி, ஆற்றுப் பாலம் கடந்து, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும் இடத்தில் மாவட்டம் மாறுகிறது. அந்த எல்லைகூட நேற்றுப் போட்ட கோடுதான். 2018-இல் சென்னை மாவட்டம் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகியபோதுதான் எண்ணூரே சென்னை ஆனது.

அங்கே நான் பார்க்கப் போனது கழித்தல். பார்த்தது வேறு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சுவரில் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதிய சொல். பிள்ளை முதலில் படத்தைப் பார்த்து வீட்டுச் சொல்லைச் சொல்கிறது: "நீள்ளு." டீச்சர் தலையாட்டிவிட்டு, "எங்க வீட்ல தண்ணி, புத்தகத்துல தண்ணீர்" என்கிறார். யாரையும் 'தமிழ்ல சொல்லு' என்று அதட்டவில்லை. என் வகுப்பில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஐந்து பேர். ஜூன் முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் புதுமைத் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு அது போகிற வழியில்தான் கோளாறு.

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. வேர் ஆந்திராவில், அன்றைய சித்தூர் மாவட்டத்து ரிஷிவேலிப் பள்ளியில். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை அங்கேயே அனுப்பினார். போய்வந்த மூத்த ஆசிரியை ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படத்தில் தங்கள் படி எது என்று தாங்களே பார்த்து, அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காருவதை அங்கே நாள் கணக்கில் பார்த்தாராம். திரும்பி வந்து ராத்திரி உட்கார்ந்து அட்டை வெட்டினார்கள். எந்த அட்டை எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும், வெட்டியவர்கள் அவர்கள்தானே. 2007-08-இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனபோது அச்சடித்த அட்டைகள் பெட்டியில் வந்து இறங்கின. ஏணி வந்தது, கீழ்மட்டக் கரும்பலகை வந்தது, படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் வந்தது. ரிஷிவேலியைப் பார்த்த கண்கள் மட்டும் எல்லாப் பள்ளிக்கும் வரவில்லை. நன்றாக நடந்த பள்ளிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் பாய் விரித்தார்கள்.

இன்றைய பயிற்சி முறையும் அதே குழாய்தான். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் எனக்குப் பிடித்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தச் சொல்கிறது. ஆனால் பயிற்சி கொடுக்கும் மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்ல, அவர் வட்டாரத்துக்கு, வட்டாரம் எங்களுக்கு. தயிர் மோராகி, மோர் நீர்மோராகி எங்கள் டம்ளருக்கு வந்து சேரும். (வெயிலுக்கு நீர்மோர் நல்லதுதான்.)

2025 ஜூலையில் வந்த 'ப' வடிவ இருக்கை அடுத்த உதாரணம். ஒரு மலையாளப் படம், அதைப் பார்த்துக் கேரளப் பள்ளிகளில் மாற்றம், அதைப் பார்த்து இங்கே அறிவுறுத்தல். கடைசி பெஞ்ச் இல்லாத வகுப்பு, அருமையான எண்ணம். ஆனால் 40 பிள்ளைகள் இருக்கிற சின்ன அறையில் 'ப' எப்படிப் போடுவது, பக்கவாட்டில் உட்கார்ந்தவன் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பானா என்று கேள்விகள் கிளம்பின. சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். இருபது பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஒரு வருடம் செய்து பார்த்த டீச்சர் ஒருவர் வந்து நம்மோடு ஒரு நாள் பேசியிருந்தால் கதையே வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாடமுறையை உலகத்துக்கே ஏற்றுமதி செய்த ஊர் இது. 1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். குதிரையில் போகும்போது நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கொடுத்தார், அவன் செய்து காட்டினான். நம் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன. 1797-இல் பெல் அதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. பரவிய விதம்தான் சோகம். ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாகச் சமாளிக்கலாம் என்பதைத்தான் பலர் பிடித்துக்கொண்டார்கள். சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பெரியவனும் கற்கிறான் என்ற சங்கதி பின்னால் போய்விட்டது.

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். வருடத்துக்கு நாலு நாள் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் பின்னால் உட்கார ஓ.டி. மாவட்டக் கோடு குறுக்கே வரக்கூடாது. அறிக்கை கேட்கக்கூடாது, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் போட்டோ ஏற்றச் சொல்லக்கூடாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சி.ஆர்.சி. கூட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் சனிக்கிழமை. பிள்ளைகள் இல்லாத நாளில் வகுப்பில் எதைப் பார்ப்பது? ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர்கள் நின்று பிள்ளைகளைக் கவனித்து, பிறகு கூடி உட்கார்ந்து அந்தப் பாடத்தையே பிரித்து மேய்கிற வழக்கம் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது டீச்சரை அல்ல, பிள்ளை எந்த இடத்தில் முழிக்கிறது என்பதை.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. பயிற்சிக்கு எங்களை இழுக்கும் நாட்களிலும் அதே ஒருவர்தான் சமாளிக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். 2024 அக்டோபரில் கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பாரிஸ் வரை அழைத்துப் போனார்கள். சந்தோஷம்தான், பொறாமையும் கொஞ்சம் உண்டு. பாரிஸுக்கு வழி இருக்கும்போது பொன்னேரிக்கு இருக்காதா?

அடுத்த மாதம் அவர் என் வகுப்புக்கு வருகிறார். அவரும் சி.எல்.தான். நேற்றுப் பிள்ளைகளிடம் சொன்னேன், வெளியிலிருந்து ஒருத்தர் வந்து பின்னால் உட்காருவாங்க என்று. பேங்க் மேனேஜர் உடனே கேட்டான்.

"ஆபீசரா மிஸ்? யூனிஃபார்ம் அயர்ன் பண்ணணுமா?"

"இல்லடா, டீச்சர்."

"டீச்சர்னா எதுக்கு மிஸ் பின்னாடி உக்காருறாங்க?"